சுரங்க அனுமதி விண்ணப்பத்தில் வணிக ரகசியங்களைக் காப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

சுரங்க அனுமதி கேட்டு ஒரு நிறுவனம் அரசிடம் கொடுக்கும் கோப்பில் அதன் விலைமதிப்பு மிக்க சொத்து இருக்கிறது. பல ஆண்டுகள் துளையிட்டு எடுத்த பாறை மாதிரிகளின் ஆய்வு முடிவுகள், தாது எங்கே தடித்து எங்கே மெலிகிறது என்ற வரைபடம், உலோகத்தைப் பிரித்தெடுக்கும் முறை, டன்னுக்கு ஆகும் செலவு என எல்லாம் அதில் உண்டு. அதே கோப்பு, சுரங்கத்துக்கு அருகில் வசிப்பவரும் பத்திரிகையாளரும் போட்டி நிறுவனமும் கேட்டுப் பார்க்கக்கூடிய பொது ஆவணமாகவும் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் இடையே வழி கண்டுபிடிப்பதுதான் வேலை.

இதில் நிறுவனங்கள் இரண்டு விதமாகக் கோட்டை விடுகின்றன. சில நிறுவனங்கள் எதையும் குறிக்காமல் முழுக் கோப்பையும் கொடுத்துவிட்டு, தகவல் வெளியான பிறகு பதறுகின்றன. வேறு சில, அட்டை முதல் கடைசிப் பக்கம் வரை ‘ரகசியம்’ என்று முத்திரை குத்துகின்றன. இரண்டாவதுதான் கூடுதல் ஆபத்து என்பேன். எல்லாப் பக்கத்திலும் முத்திரை இருந்தால், உண்மையான ரகசியம் எது என்று அதிகாரிக்குத் தெரியாது. சவால் வரும்போது நிறுவனத்தின் மொத்தக் கோரிக்கையும் நம்பகம் இழக்கும். குறைவாகக் கோருங்கள், கோரியதற்குக் காரணம் சொல்லுங்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இதை நோக்கியே செல்கின்றன.

முதல் படி: எந்தச் சட்டம் உங்களைக் காக்கிறது என்று பாருங்கள்

பெரும்பாலான நாடுகளில் பாதுகாப்பு இரண்டு அடுக்குகளில் கிடைக்கிறது. சுரங்கச் சட்டத்திலோ அதன் விதிகளிலோ உள்ள தனி ரகசியப் பிரிவு ஓர் அடுக்கு. எல்லா அரசு ஆவணங்களுக்கும் பொருந்தும் தகவல் உரிமைச் சட்டத்தின் விதிவிலக்கு மற்றோர் அடுக்கு. இரண்டையும் படித்த பிறகே விண்ணப்பத்தின் வடிவத்தை முடிவு செய்யுங்கள். ஒன்றில் கிடைக்காத பாதுகாப்பு மற்றதில் கிடைக்கலாம். ஒன்று கேட்கும் நடைமுறையை மற்றது கேட்காமலும் இருக்கலாம்.

அமெரிக்காவில் நிலக்கரிச் சுரங்கங்களுக்கான 1977ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் விதிகளும் ரகசியமாக வைக்கக்கூடியவற்றைப் பெயர் சொல்லியே குறிக்கின்றன. அதே நாட்டில் கூட்டரசுக்குச் சொந்தமான நிலத்தில் உலோகக் கனிமம் எடுப்பவருக்கு விதி வேறு. ரகசியம் என்று கருதும் ஒவ்வொரு பக்கத்திலும் அதைத் தெளிவாகக் குறித்து, மற்ற ஆவணங்களிலிருந்து பிரித்துக் கொடுக்க வேண்டும். குறிக்காத தகவலை உங்களுக்குச் சொல்லாமலே வெளியிடலாம் என்று விதியே எச்சரிக்கிறது. இவற்றுக்கு மேல், தகவல் சுதந்திரச் சட்டத்தின் நான்காவது விதிவிலக்கு வணிக, நிதித் தகவல்களுக்குப் பொதுவான பாதுகாப்புத் தருகிறது.

இந்தியாவில் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன் பிரிவு 8(1)(டி) வணிக ரகசியத்தையும் அறிவுசார் சொத்தையும் காக்கிறது. பெரும் பொதுநலன் இருந்தால் அந்தக் காப்பு விலகும். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையும் முக்கியம். அதன்படி மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் இணையத்தில் வெளியாகும். அறிவுசார் சொத்து சார்ந்த ரகசியம் என்று விண்ணப்பத்தில் குறிப்பிட்ட தகவல் மட்டும் அதில் ஏறாது. ‘விண்ணப்பத்தில் குறிப்பிட்ட’ என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். பின்னாளில் நினைவு வந்து சொன்னால் பயன் இல்லை.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றைக் கட்டுப்படுத்தும் 1998ஆம் ஆண்டின் ஆர்ஹஸ் உடன்படிக்கை (சுற்றுச்சூழல் தகவலைப் பெறும் மக்கள் உரிமை பற்றியது), வணிக ரகசியத்துக்கு இடம் கொடுக்கும் அதே வரியில், சுற்றுச்சூழலைக் காக்கத் தேவையான உமிழ்வுத் தகவல்களை வெளியிட்டே ஆக வேண்டும் என்கிறது.

இரண்டாம் படி: ஒவ்வொரு தகவலையும் தனித்தனியாக எடைபோடுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். ஆவணம் ஆவணமாகப் பிரிக்காதீர்கள்; அட்டவணை அட்டவணையாக, தேவைப்பட்டால் பத்தி பத்தியாகப் பிரியுங்கள். ‘நிலவியல் அறிக்கை முழுவதும் ரகசியம்’ என்பது வாதம் ஆகாது. அந்த அறிக்கையின் பாதி, ஏற்கெனவே அச்சான நிலவியல் வரைபடத்திலிருந்து எடுத்ததாகத்தான் இருக்கும்.

வணிக ரகசியத்துக்கான அளவுகோலை அறிவுசார் சொத்து பற்றிய உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 39ஆம் பிரிவு சுருக்கமாகத் தருகிறது. தகவல் அந்தத் துறையினருக்குப் பொதுவாகத் தெரிந்திருக்கக் கூடாது. ரகசியமாக இருப்பதாலேயே அதற்கு வணிக மதிப்பு இருக்க வேண்டும். அதைக் காக்க உரிமையாளர் நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு தகவலையும் இந்த மூன்றிலும் நிறுத்திப் பாருங்கள். சுரங்கத் துறைக்கு நான் நான்காவதாக ஒரு கேள்வி சேர்ப்பேன்: இந்தத் தகவல் சுரங்க எல்லைக்குள்ளேயே நின்றுவிடுகிறதா, எல்லை தாண்டி அடுத்தவரின் தண்ணீரையும் காற்றையும் தொடுகிறதா? தொட்டால், அதை மறைக்க முயல்வது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் கதை.

இந்தக் கோட்டை அழகாக வரைந்திருப்பது நான் மேலே சொன்ன அமெரிக்க நிலக்கரிச் சட்டம். நிலக்கரியின் வேதியியல், இயற்பியல் பண்புகளை மட்டும் பற்றிய ஆய்வு ரகசியம். அது விற்பனை விலையைத் தீர்மானிக்கும் விஷயம். அதே ஆய்வில், சுற்றுச்சூழலுக்கு நச்சாக மாறக்கூடிய கூறுகள் பற்றிய பகுதி ரகசியம் இல்லை. ஒரே துளையிலிருந்து எடுத்த ஒரே மாதிரியின் அறிக்கையில், எரிதிறன் பற்றிய எண் ஒரு பக்கமும் நச்சுத் தனிமம் பற்றிய எண் மறுபக்கமும் போகின்றன. உங்கள் நாட்டுச் சட்டம் இவ்வளவு விரிவாகப் பேசாவிட்டாலும், இந்தப் பிரிப்பை முன்மாதிரியாக வைத்துக்கொண்டால் அதிகாரியிடம் பேசுவது எளிதாகும்.

நடைமுறையில் ரகசியக் கோரிக்கை பெரும்பாலும் நிற்கும் இடங்கள் உண்டு. துளைகளின் துல்லியமான அமைவிடமும் ஆழவாரியான உலோகச் செறிவும் அவற்றில் முதன்மையானவை. தாதுப் படிவம் உங்கள் எல்லையைத் தாண்டி நீள்கிறது, பக்கத்து நிலத்துக்கு இன்னும் யாரும் உரிமை கோரவில்லை என்றால், இந்தத் தகவலைப் பார்க்கும் போட்டியாளர் நாளையே அங்கே விண்ணப்பிப்பார். சொந்தமாக உருவாக்கிய பிரித்தெடுப்பு முறையின் வெப்பநிலை, கால அளவு, வினைப்பொருள் விகிதம் ஆகியவை அடுத்தவை. உருக்காலையுடனான விற்பனை ஒப்பந்த விலை, இயந்திரச் செலவு, ஒப்பந்ததாரர் கொடுத்த அலகு விலை ஆகியவையும் இதில் சேரும்.

நிற்காத இடங்கள்: கழிவுநீரில் என்ன வெளியேறுகிறது, நிலத்தடி நீர்மட்டம் எவ்வளவு இறங்கும், கழிவுப் பாறை அமிலம் கசியுமா, தூசி எவ்வளவு பரவும், வெடிவைப்பின் அதிர்வு எவ்வளவு. உலோகம் பிரித்த பின் மிஞ்சும் கழிவுச் சேற்றைத் தேக்கி வைக்கும் அணையையும் இந்தப் பட்டியலில் வையுங்கள். 2019 ஜனவரியில் பிரேசிலின் புரூமாடின்யோவில் அப்படி ஓர் அணை உடைந்து 270 பேர் இறந்த பிறகு, அணையின் வடிவமைப்பையும் பாதுகாப்பையும் வணிக ரகசியம் என்று சொல்பவரை யாரும் பொறுமையாகக் கேட்பதில்லை. அடுத்த ஆண்டே வெளியான உலகளாவிய கழிவுத் தேக்க மேலாண்மைத் தரம், இத்தகவல்களை நிறுவனங்களே வெளியிட வேண்டும் என்கிறது.

இடையில் நிற்கும் தகவல்களும் உண்டு. சுரங்கத்தை மூடிய பிறகு நிலத்தைச் சீரமைக்க ஆகும் செலவு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மொத்தத் தொகை பொதுவில் இருக்க வேண்டும்; நிறுவனம் திவாலானால் அந்தச் சுமை மக்கள் தலையில்தான் விழும். ஒரு கனமீட்டர் மண் அள்ள ஒப்பந்ததாரர் சொன்ன விலை மட்டும் ரகசியமாக இருக்கலாம். பிரித்துக் கேட்டால் கிடைக்கும். மொத்தமாகக் கேட்டால் இரண்டும் போகும்.

வெடிபொருள் கிடங்கின் அமைவிடம், தொல்லியல் எச்சங்கள் இருக்கும் இடம் போன்றவையும் மறைக்கப்பட வேண்டியவைதான். ஆனால் அவற்றின் காரணம் வணிகம் அல்ல. பாதுகாப்பும் பண்பாட்டுச் சின்னங்களைக் காப்பதும். அவற்றை வணிக ரகசியப் பொட்டலத்தில் கலக்காமல், உரிய பிரிவின் கீழ் தனியாகக் கோருங்கள்.

மூன்றாம் படி: ஏற்கெனவே வெளியே போய்விட்டதா?

பங்குச்சந்தையில் பட்டியலிட்ட நிறுவனங்கள் இங்கேதான் அதிகம் மாட்டிக்கொள்கின்றன. 1997இல் பிரீ-எக்ஸ் என்ற கனடா நிறுவனத்தின் தங்க மோசடி அம்பலமான பிறகு, கனடா தன் கனிம வெளியீட்டு விதிகளை இறுக்கியது. 2001இல் நடைமுறைக்கு வந்த 43-101 என்ற விதித்தொகுப்பு, துளை முடிவுகளையும் வளமதிப்பீட்டையும் தொழில்நுட்ப அறிக்கையாகப் பொதுவில் வைக்கச் சொல்கிறது. ஆஸ்திரேலியாவின் ஜோர்க் எனப்படும் கனிம வள அறிவிப்பு விதிகளும் அதே திசையில் போகின்றன. முதலீட்டாளருக்கு ‘இதோ பாருங்கள், எவ்வளவு செறிவு!’ என்று அறிவித்த எண்ணை, அனுமதி அலுவலகத்தில் ரகசியம் என்று சொல்ல முடியாது.

ஆகவே முத்திரை குத்தும் முன் நிறுவனத்தின் செய்தி அறிக்கைகள், முதலீட்டாளர் விளக்கப் படங்கள், மாநாட்டுக் கட்டுரைகள், உங்கள் தளத்தில் ஆய்வு செய்த மாணவரின் ஆய்வேடு, முந்தைய உரிமதாரர் விட்டுச்சென்ற அறிக்கைகள் ஆகியவற்றைத் தேடிப் பாருங்கள். துளையிடும் ஒப்பந்ததாரரும் ஆய்வகமும் ரகசியக்காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இல்லையென்றால் ‘நியாயமான முயற்சி’ என்ற நிபந்தனையிலேயே தோற்றுப்போவீர்கள்.

நான்காம் படி: கேட்காததைக் கொடுக்காதீர்கள்

விண்ணப்பப் படிவம் கேட்பது ‘தாதுப் படிவத்தின் பொதுவான விவரிப்பு’ என்றால், முழுக் கணினி மாதிரியையும் இணைக்கத் தேவையில்லை. ஒரு குறுக்குவெட்டுப் படம் போதும். ஆனாலும் ஆலோசகர்கள் கைவசம் இருப்பதையெல்லாம் பின்னிணைப்பாகச் சேர்க்கிறார்கள். கோப்பு தடித்தால் வேலை நடந்ததுபோல் தெரிகிறதல்லவா? அரசின் கைக்குப் போகாத தகவலை அரசிடமிருந்து கேட்டுப் பெறுவது கடினம். இதைவிட உறுதியான பாதுகாப்பு எந்தச் சட்டத்திலும் இல்லை.

சில இடங்களில் துல்லியமான எண்ணுக்குப் பதிலாக ‘இவ்வளவு முதல் இவ்வளவு வரை’ என்று வீச்சு கொடுக்கலாம். சில அதிகாரிகள், உங்கள் அலுவலகத்துக்கே வந்து தரவைப் பார்த்துவிட்டு, நகல் எடுக்காமல் போகவும் ஒப்புவார்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய ஆலோசனைக் கூட்டத்தில் இதைக் கேட்டுவிடுங்கள். ஆனால் குறைத்துக் கொடுப்பது வேறு, மறைப்பது வேறு. சயனைடு பயன்படுத்துகிறீர்கள் என்றால், அதன் பெயரும் அளவும் கோப்பில் இருந்தே ஆக வேண்டும். அதை எந்தக் கட்டத்தில், என்ன விகிதத்தில் சேர்க்கிறீர்கள் என்பது மட்டுமே உங்கள் ரகசியம்.

ஐந்தாம் படி: இரண்டு தொகுதிகளாகத் தயாரியுங்கள்

பொதுத் தொகுதி ஒன்று, ரகசியத் தொகுதி ஒன்று. பொதுத் தொகுதி தனியாகப் படித்தாலும் புரிய வேண்டும். தகவலை நீக்கிய இடத்தில், ‘இங்கே இருந்த அட்டவணை ரகசியத் தொகுதியின் இத்தனையாம் பக்கத்தில் உள்ளது, இது துளைவாரியான செறிவு எண்களைக் கொண்டது’ என்று ஒரு வரி எழுதுங்கள். வெறும் கறுப்புப் பட்டையைப் பார்த்தால் படிப்பவருக்குச் சந்தேகம்தான் வரும். காரணம் தெரிந்தால் பாதிப் பேர் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள்.

ரகசியத் தொகுதியின் ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை, நிறுவனத்தின் பெயர், தேதி ஆகியவை வேண்டும். கோப்பின் பெயரிலும் ‘ரகசியம்’ என்ற சொல் இருக்கட்டும்; இணைய வாசலில் பதிவேற்றும் ஊழியர் பெரும்பாலும் கோப்பின் பெயரை மட்டுமே பார்ப்பார்.

தகவல் கசிவதற்குச் சட்டத்தைவிடக் கணினிதான் பெரும்பாலும் காரணமாகிறது. பிடிஎஃப் கோப்பில் எழுத்தின் மேல் கறுப்புப் பெட்டி வரைந்தால் எழுத்து அடியிலேயே இருக்கும்; நகலெடுத்து வேறோர் இடத்தில் ஒட்டினால் முழுவதும் தெரியும். அதற்கென உள்ள நீக்கக் கருவியைப் பயன்படுத்தி, பிறகு நீங்களே நகலெடுத்துச் சோதியுங்கள். எக்செல் கோப்பில் மறைத்து வைத்த தாள்களையும் நெடுவரிசைகளையும் பாருங்கள். வரைபடக் கோப்பில் ஓர் அடுக்கை அணைத்து வைத்தால் அது அழிந்துவிடாது. புவியியல் தகவல் கோப்புகளின் பண்பு அட்டவணையில் துளை எண், ஆழம், செறிவு எல்லாம் அப்படியே உட்கார்ந்திருக்கும். பொதுத் தொகுதிக்கு வரைபடத்தைப் படமாக மாற்றிக் கொடுப்பது பாதுகாப்பானது.

இன்னொரு பொறி: நீக்கிய எண்ணை மற்ற எண்களிலிருந்து கணக்கிட முடிவது. ஆண்டு உற்பத்தி டன்னும் கிடைக்கும் உலோக அளவும் பொதுத் தொகுதியில் இருந்தால், சராசரிச் செறிவை யார் வேண்டுமானாலும் வகுத்துக் கண்டுபிடிக்கலாம். நிறுவனத்தின் நிலவியலாளர் ஒருவரிடம் பொதுத் தொகுதியை மட்டும் கொடுத்து, போட்டியாளராக நினைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

ஆறாம் படி: காரணக் கடிதம்

ரகசியத் தொகுதியோடு ஒரு கடிதம் போக வேண்டும். சட்டம் அதைக் கேட்காவிட்டாலும் எழுதுங்கள். எதிர்காலத்தில் முடிவெடுக்கப்போகும் அதிகாரி உங்களைச் சந்தித்திருக்கமாட்டார். அவர் கையில் இந்தக் கடிதம் மட்டுமே இருக்கும். எந்தப் பக்கம், எந்தச் சட்டப் பிரிவு, நிறுவனத்துக்குள் யார் யாருக்கு அது தெரியும், எப்படிப் பூட்டி வைத்திருக்கிறீர்கள், வெளியானால் யார் அதை எப்படிப் பயன்படுத்துவார்கள், எவ்வளவு காலத்துக்குக் காப்பு வேண்டும் என்பவற்றை எழுதுங்கள்.

‘இது வெளியானால் நிறுவனத்துக்குப் பெரும் பாதிப்பு ஏற்படும்’ என்ற வாக்கியம் எதையும் சொல்லவில்லை. இப்படி எழுதிப் பாருங்கள்: ‘12 முதல் 19 வரையிலான பக்கங்களில் உள்ள துளை முடிவுகள், தாதுப் படிவம் எங்கள் கிழக்கு எல்லையைத் தாண்டுவதைக் காட்டுகின்றன. அந்த நிலத்துக்கான எங்கள் விண்ணப்பம் இன்னும் நிலுவையில் உள்ளது. அது முடிவாகும் வரை இந்தப் பக்கங்களை ரகசியமாக வைக்கக் கோருகிறோம்.’ கால எல்லை குறிப்பிட்ட கோரிக்கையை அதிகாரிகள் எளிதாக ஏற்கிறார்கள். முடிவே இல்லாத ரகசியம் கேட்பவரைக் கண்டால் அவர்களுக்கும் தயக்கம் வரும்.

ஏழாம் படி: ஒப்படைத்த பிறகு

ரகசியத் தொகுதி தனியாகப் பெறப்பட்டது என்று எழுத்தில் ஒப்புகை வாங்குங்கள். பொது இணைய வாசலில் விண்ணப்பம் ஏறிய அன்றே திறந்து பார்த்துவிடுங்கள். தவறு நடந்திருந்தால் அன்றைக்குச் சரிசெய்யலாம். ஒரு மாதம் கழித்துச் சொன்னால், தகவல் பொதுவாகிவிட்டது என்ற பதிலே கிடைக்கும். கோப்பு வேறு துறைகளுக்கும் வெளி ஆலோசகர்களுக்கும் போகும் என்பதால், ரகசியக் கட்டுப்பாடு அவர்களுக்கும் பொருந்துமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பொதுக் கருத்துக்கேட்புக் கூட்டத்தில் பேசப்போகும் உங்கள் பொறியாளருக்கு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்ற பட்டியலைக் கொடுங்கள். ஆர்வத்தில் எண்களைக் கொட்டிவிடுபவர்கள் பெரும்பாலும் நம் பக்கத்தவர்களே.

எட்டாம் படி: யாராவது தகவலைக் கேட்டால்

இப்போது நாள் கணக்கு ஓடத் தொடங்குகிறது. இந்தியாவில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பிரிவு 11, மூன்றாம் தரப்பினர் (இங்கே உங்கள் நிறுவனம்) கொடுத்து, அவர் ரகசியமாக நடத்திய தகவலைப் பற்றியது. அதை வெளியிடக் கருதும் பொதுத் தகவல் அலுவலர், மனு கிடைத்த 5 நாட்களுக்குள் உங்களுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அறிவிப்பு கிடைத்த 10 நாட்களுக்குள் நீங்கள் பதில் சொல்லலாம். மனு வந்த 40 நாட்களுக்குள் அவர் முடிவெடுப்பார். முடிவு பிடிக்காவிட்டால் 30 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். ஆறாம் படியில் நல்ல கடிதம் எழுதியிருந்தால், அந்த 10 நாட்களில் செய்ய வேண்டியது அதைப் புதுப்பிப்பது மட்டுமே. பிரிவு 10 கோப்பின் ஒரு பகுதியை மட்டும் நீக்கி மற்றதைக் கொடுக்கச் சொல்கிறது. இரண்டு தொகுதிகளாகக் கொடுத்தவருக்கு அந்த வேலையும் முன்பே முடிந்துவிட்டது.

அமெரிக்காவில் 1987ஆம் ஆண்டின் 12600ஆம் எண் நிர்வாக ஆணை, வணிகத் தகவலை வெளியிடும் முன் கொடுத்தவருக்கு அறிவிக்கும்படி கூட்டரசுத் துறைகளிடம் சொல்கிறது. எது ரகசியம் என்ற கேள்வியில், 2019இல் ஆர்கஸ் லீடர் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் பழைய அளவுகோலை மாற்றியது. பெரும் போட்டித் தீங்கு நேரும் என்று நிரூபிக்க வேண்டியதில்லை. உரிமையாளர் அதை வழக்கமாகவும் உண்மையாகவும் தனிப்பட்டதாக நடத்தினாரா என்பதே முக்கியம் என்றது. இதனால் நிறுவனத்தின் சொந்தப் பழக்கவழக்கங்களே முதன்மைச் சான்றாகிவிட்டன. துறை வெளியிட முடிவு செய்தால், அந்த முடிவை மறு ஆய்வு செய்யும்படி நிறுவனம் நீதிமன்றம் போகலாம் என்பது 1979ஆம் ஆண்டின் கிரைஸ்லர் வழக்கிலிருந்து வரும் வழி.

எதிர்த்தரப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். சுரங்கத்துக்கு அருகில் வசிப்பவர் முழுக் கோப்பையும் கேட்டால் இழுத்தடிப்பார்கள். ‘கழிவுப் பாறையின் அமிலச் சோதனை முடிவுகள்’, ‘இத்தனையாம் எண் கண்காணிப்புக் கிணற்றின் நீர்த்தர எண்கள்’ என்று குறிப்பாகக் கேட்டால் மறுப்பது கடினம். அமெரிக்க நிலக்கரி விதிகள், வெளியிடக் கோருபவர், எதிர்ப்பவர் ஆகிய இருவருக்கும் அறிவிப்பும் தம் தரப்பைச் சொல்லும் வாய்ப்பும் தர வேண்டும் என்கின்றன.

ஒன்பதாம் படி: ரகசியத்துக்கும் காலாவதி உண்டு

மேற்கு ஆஸ்திரேலியாவில் கனிமத் தேடல் அறிக்கைகள் ஐந்து ஆண்டுகள் கடந்தபின் பொதுவில் வெளியிடப்படுகின்றன. ஒருவர் தோண்டித் தோற்ற இடத்தில் அடுத்தவர் மறுபடி அதே துளையைப் போடக் கூடாது என்பதே இதன் பயன், நியாயமான ஏற்பாடும்கூட. உங்கள் நாட்டில் உரிமம் கைவிடப்பட்டாலோ காலாவதியானாலோ அறிக்கைகள் என்ன ஆகும் என்று பாருங்கள். நீட்டிப்புக் கேட்க வழி இருந்தால், அந்தத் தேதிக்கு முன்பே நினைவூட்டல் வையுங்கள்.

அனுமதி ஒப்பந்தம் வேறு கணக்கு. பிரித்தெடுப்புத் தொழில்கள் வெளிப்படைத்தன்மை முன்முயற்சியில் சேர்ந்த நாடுகள், 2021 ஜனவரி 1 முதல் செய்யும் அல்லது திருத்தும் சுரங்க ஒப்பந்தங்களையும் உரிமங்களையும் வெளியிட வேண்டும். ஒப்பந்தத்துக்குள் ரகசிய எண்களைப் புதைத்து வைப்பது அங்கே செல்லாது.

அனுமதித் திருத்தம், புதுப்பித்தல், ஆண்டறிக்கை என ஒவ்வொரு முறையும் இந்தப் படிகளை மீண்டும் செய்யுங்கள். முதல் விண்ணப்பத்தில் கவனமாக நீக்கிய செறிவு அட்டவணை, மூன்றாம் ஆண்டின் திருத்த மனுவில் முத்திரை இல்லாமல் பின்னிணைப்பாக வந்து நிற்கும். நிறுவனம் கைமாறும்போது பழைய ரகசியக் கடிதங்களின் நகல்களையும், அவற்றில் குறித்த கால எல்லைகளையும் வாங்குபவரிடம் பட்டியலிட்டு ஒப்படையுங்கள். தகவல் கேட்பு அறிவிப்புகள் போய்ச் சேர வேண்டிய புதிய முகவரியை அன்றே அனுமதி அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள்.